அம்மாவின் குளிசையைப் போனில் கேட்கும் பிள்ளைகளுக்கு



உங்களில் பலருடைய முகம் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் அம்மாவின் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். எந்தக் கம்பனியின் அம்லோடிபின் பெட்டியைக் கண்டால் உங்கள் அப்பாவின் முகம் சுருங்கும் என்பதும் தெரியும். வடமேற்கு லண்டனில் ஒரு பார்மசியில் பதினேழு வருடமாக டிஸ்பென்சராக நிற்கிறேன். ஜீபி, அதாவது குடும்ப டொக்டர், எழுதியனுப்பும் மருந்தைத் தட்டிலிருந்து எடுத்து, லேபல் ஒட்டி, பார்மசிஸ்ட் சரிபார்த்த பிறகு பையில் போட்டுக் கொடுப்பது என் வேலை.

நீங்கள் ரயிலில் நின்றபடியோ, பிள்ளையின் நீச்சல் வகுப்பு முடியும்வரை காரில் இருந்தபடியோ, என்.எச்.எஸ் செயலியைத் திறக்கிறீர்கள். அம்மாவின் பெயரில் இருக்கும் குளிசைகளுக்கு எதிரே உள்ள கட்டங்களைத் தொட்டுவிட்டு மூடுகிறீர்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்று நாலு நாளில் அது என் மேசைக்கு வந்துவிடும். அடுத்த நாள் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வருவா. "மோன் போனிலை அடிச்சவனாம். மருந்து வந்திட்டுதோ பிள்ளை?" என்பா.

அந்த ஒரு நிமிடத்துக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவில் நடப்பதெல்லாம் என் கண்முன்னால் நடக்கிறது. உங்களுக்கு அது தெரிய வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செயலியைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு முந்திய காலத்தை நன்றாக அறிந்தவள் நான். மருந்து எழுதிய பச்சைத் தாளின் வலது பக்கத்தில் கிழித்தெடுக்கும் துண்டு ஒன்று இருக்கும். வேண்டிய மருந்துக்கு எதிரே பேனையால் சரி போட்டு ஜீபி வாசலில் இருக்கும் பெட்டிக்குள் போட வேண்டும். மழையில் ஊறி, கைப்பையில் நாலாக மடிந்து, சில துண்டுகள் தூள் வாசத்தோடு எங்களிடமே வரும். "நீங்களே அனுப்பிவிடுங்கோ" என்பார்கள், நாங்களும் அனுப்பினோம். பிறகு, வேண்டாத மருந்து வீடுகளில் குவிகிறது என்று சொல்லி, நோயாளிக்காக பார்மசி ஓடர் பண்ணுவதைப் பல இடங்களில் நிறுத்திவிட்டார்கள். டொக்டரைக் காண வேண்டுமென்றால் காலை எட்டு மணி அடிக்க முன்னமே ரெலிபோனைக் கையில் பிடித்திருக்க வேண்டும். வரிசையில் நீங்கள் இருபத்தி மூன்றாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அந்தக் குரல் என்ன சொல்கிறதென்பதே விளங்காது. அரை மணித்தியாலம் சங்கீதம் கேட்டுவிட்டு வைத்துவிடுவா.

2018 கடைசியில் வெளிவந்து, 2019இல் மெல்ல மெல்ல இங்கிலாந்தின் ஜீபிகளுக்குப் பரவிய அந்தச் செயலி இந்தத் தொல்லையைத் தீர்த்ததென்றால், அதற்குக் காரணம் நீங்கள். கொரோனாக் காலத்தில் அம்மா அப்பாவின் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து, "அசையாமல் பாருங்கோ" என்று அதட்டி முகத்தை வீடியோ எடுத்து, அவர்களைப் பதிவு செய்தது நீங்கள்தான். 2025 ஒக்டோபர் 1 முதல் எல்லா ஜீபிகளும் வார நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஆறரைவரை அவசரமில்லாத கேள்விகளுக்கு இணையப் படிவத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆகவே இனி உங்கள் வேலை கூடுமே தவிரக் குறையாது.

சின்னச் சின்ன விசயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே கேளுங்கள். ஜீபிக்கு இரண்டு வேலை நாள் வேண்டும், எங்களுக்கும் ஓரிரு நாள் வேண்டும். நடுவில் ஈஸ்டர் விடுமுறை வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். வீடு மாறினால் செயலியில் இருக்கும் பார்மசியின் பெயரையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மருந்து பழைய ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கும். அம்மா அதற்கு என்னைத்தான் ஏசுவா. அறுபது வயது தாண்டியவர்களுக்கு மருந்து இலவசம். ஐம்பதுகளில் இருப்பவர்கள் ஒரு மருந்துக்கு 9 பவுண் 90 பென்ஸ் கொடுக்க வேண்டும். ஆனால் சலரோகத்துக்கோ தைரொயிட் சுரப்புக் குறைவுக்கோ குளிசை எடுப்பவர் என்றால், ஜீபியில் படிவம் வாங்கி விலக்குச் சான்றிதழ் எடுக்கலாம். பிறகு எந்த மருந்துக்கும் காசில்லை. இது தெரியாமல் வருடக்கணக்காகக் காசு கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒருவரின் கதை. அடையாளம் தெரியாதபடி இரண்டொன்றை மாற்றித்தான் சொல்கிறேன்.

ஒரு அம்மா. சலரோகம் வந்து பத்து வருடம். மெட்ஃபோர்மின் இரண்டு வேளை, கிளிக்லசைட் 80 மில்லிகிராம் காலையில் ஒன்று, அதோடு பிரஷருக்கும் கொலஸ்ரோலுக்கும். மகள் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை பிசகாமல் எல்லாக் கட்டங்களையும் தொடுவா. பை பிசகாமல் வரும். அம்மா பிசகாமல் வந்து எடுத்துப்போவா. எங்கள் கடையில் இப்படி ஒழுங்கானவர்கள் குறைவு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மா கிளிக்லசைட்டை நடுக்கோட்டில் உடைத்துப் பாதிதான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறா. வெள்ளிக்கிழமை விரதத்தன்று அதுவும் இல்லை. ஒரு வெள்ளி கோயில் பூசையில் நிற்கும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் பஞ்சாமிர்தம் கொடுத்து இருத்தியிருக்கிறார்கள். அதன் பிறகு தானாக எடுத்த முடிவு. யோசித்துப் பார்த்தால் மூளையில்லாத முடிவு அல்ல. கிளிக்லசைட் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். வயிறு வெறுமையாக இருந்தால் சீனி கீழே இறங்கும். அம்மா கண்ட காரணம் சரிதான். ஆனால் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. முன்பென்றால் துண்டைக் கொடுக்க ஜீபிக்குப் போயிருப்பா, அங்கே ஒரு தமிழ் நர்ஸிடம் வாய்தவறிச் சொல்லியிருக்கக்கூடும். இப்போது எல்லாம் போனில் நடக்கிறது. போன் மகளின் கையில்.

ஜீபியின் திரையில் என்ன தெரியும்? மாதம் தவறாமல் மருந்து போகிறது. ஆனால் இரத்தப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இறங்கவில்லை. மருந்து போதவில்லை என்றுதான் எந்த டொக்டரும் நினைப்பார். காலையில் ஒன்று இருந்ததை இரண்டாக்கினார்கள். அம்மா இரண்டையும் உடைத்தா.

அந்த வருடம் மகள் லீவு எடுத்துக்கொண்டு இரண்டு கிழமை அம்மாவோடு வந்து நின்றிருக்கிறா. அலுமாரியைத் திறந்தவுடன் பெட்டி பெட்டியாகக் குளிசை. பதறிப்போய், இனி நான் பார்த்துத் தருகிறேன் என்று காலையில் முழுசாக இரண்டையும் கையில் வைத்து விழுங்கவைத்திருக்கிறா. அது கந்தசஷ்டிக் காலம். சாப்பிட்டேன் என்று அம்மா சொன்னது பொய். ஒரு டம்ளர் பாலும் இரண்டு பழமும்தான். மூன்றாம் நாள் அம்புலன்ஸ்.

தப்பிவிட்டா. இப்போதும் வருகிறா. ஒரு மாதம் கழித்து மகள் இரண்டு பைகளோடு என் முன்னால் வந்து நின்றா. உடைக்காத பெட்டிகள் மட்டும் பதினொன்று. "இதை வேறை ஆருக்கும் குடுக்கலாம்தானே அக்கா?" என்று கேட்டா. கொடுக்க முடியாது. வீட்டுக்குப் போன மருந்து திரும்பி வந்தால், பெட்டி உடைபடாமல் இருந்தாலும், அழிக்கத்தான் வேண்டும். நீலத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டேன். அவ பார்த்துக்கொண்டு நின்றா.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை நீங்கள் அனுப்பும் அந்த ஓடர், அம்மா ஒழுங்காகக் குளிசை எடுக்கிறா என்று டொக்டருக்குச் சொல்லும் சாட்சி. அம்மா எடுக்காதபோது அது பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது. அந்தப் பொய்யை நம்பி அடுத்த மருந்தை எழுதுகிறார்கள். குளிசையை எடுக்காமல் விடுவதில் இருக்கும் ஆபத்தை எல்லோரும் சொல்வார்கள். எடுக்காத குளிசையை மாதம் மாதம் வரவழைப்பதில் இருக்கும் ஆபத்தை ஒருவரும் சொல்வதில்லை.

ஆகவே கட்டத்தைத் தொடும் முன் அம்மாவுக்கு ஒரு போன் எடுங்கள். "மருந்து முடிஞ்சுதோ?" என்று கேட்காதீர்கள், அதற்கு "ஓம்" என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். கூட இருந்தால், அந்த மருந்தை இம்முறை கேட்காதீர்கள். ஒருமுறை கேட்காவிட்டால் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று உங்களில் பலருக்குப் பயம் இருக்கிறது. ஒரு மாதம் விட்டதற்கு வெட்டுவதை நான் பார்த்ததில்லை. நீண்ட நாள் கேட்காமல் விட்டால் சிலவேளை எடுப்பார்கள், விளக்கம் சொன்னால் திரும்பச் சேர்ப்பார்கள். சில ஜீபிகள் மருந்து கேட்கும் இடத்திலேயே ஒரு குறிப்பு எழுதும் பெட்டி வைத்திருக்கும். அதில் "அம்மா பாதிக் குளிசைதான் எடுக்கிறார், விரத நாளில் எடுப்பதில்லை" என்று எழுதிப் பாருங்கள். அவர்களிடமிருந்து போன் வரக்கூடும். அதற்காக நீங்களே அளவைக் கூட்டிக் குறைக்கப் போகாதீர்கள். அந்த மகளும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தா.

அடுத்தது, செயலிக்குள் நுழையக் கேட்கும் அந்த ஆறு இலக்கம்.

போன கிழமையும் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒரு ஐயாவின் போன் அடித்தது. மகன் மறுமுனையில். "அப்பா, இப்ப மெசேஜ் ஒண்டு வந்திருக்கும், அந்த ஆறு நம்பரையும் சொல்லுங்கோ." ஐயா கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கடை முழுக்கக் கேட்க, "நாலு... ஒண்டு... ஒண்டு..." என்று வாசித்தார். போனில் குரல் கேட்டால் ஆறு இலக்கத்தை வாசித்துக் கொடுக்கப் பழகிய ஒருவரிடம் நாளைக்கு வங்கி என்று சொல்லி இன்னொருவன் கேட்பான். அவனுக்கும் இதே குரலில் வாசிப்பார். இந்தப் பழக்கத்தை உண்டாக்கியது பிள்ளைகளாகிய நாங்கள்தான்.

இதற்கு முறையான வழி இருக்கிறது. ஜீபியில் ஒரு படிவம் கேளுங்கள், ஒருவருக்காக இன்னொருவர் செயலியைப் பாவிப்பதற்கானது. அப்பாவின் சம்மதம், இருவரின் அடையாளப் பத்திரம், அவ்வளவுதான். பிறகு உங்கள் சொந்தக் கணக்கிலேயே அப்பாவின் பெயர் வந்துவிடும். அப்பாவின் கடவுச்சொல்லும் வேண்டாம், ஆறு இலக்கமும் வேண்டாம். முக்கியமான ஒன்று: எதைத் திறந்துவிடுவது என்று அப்பாதான் சொல்லலாம். மருந்து கேட்கவும் நாள் குறிக்கவும் மட்டும் விட்டு, மருத்துவக் குறிப்புகளை மூடிவைக்க முடியும்.

"எங்களுக்குள்ளே என்ன ஒளிவுமறைவு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அம்மா, அறுபத்தைந்து தாண்டியவ, ஒருநாள் பெண்கள் பாவிக்கும் பாட் பக்கற் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தா. பேத்திக்கு என்றா. அடுத்த மாதமும் வாங்கினா. மூன்றாம் முறை நான் காசை வாங்காமல் அவவின் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இரத்தம் படுகிறது. "ஏன் அம்மா ஜீபிக்குச் சொல்லவில்லை?" "மோன்தானே பிள்ளை போனிலை எழுதுறவன். அவனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?"

அந்த வயதில் அப்படி ஒரு துளி பட்டாலும் டொக்டர் பார்க்க வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும் விரைவு வழியில் அனுப்புவார்கள். பார்மசிஸ்ட் அவவை உள் அறையில் இருத்திக் கதைத்தார், அங்கிருந்தே ஜீபிக்குப் போன் எடுத்தார். பெரிதாக ஒன்றுமில்லை என்று பிறகு வந்து சொன்னா, எனக்கு வடையும் கொண்டுவந்தா. ஆனால் மூன்று மாதம். வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். அந்த மகன் நல்ல பிள்ளை, அம்மாவின் ஒரு குளிசைகூடத் தவறவிடாதவன். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் வழியாகத்தான் அம்மா டொக்டரோடு கதைக்கலாம் என்று ஆக்கிவிடாதீர்கள். ஜீபியில் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், போனிலேயே தமிழ் கதைப்பவரை இணைப்பார்கள். அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்டுவைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது அம்மா தனியாக உள்ளே போகட்டும். நீங்கள் வெளியில் கதிரையில் இருங்கள். உள்ளே அவ என்ன கதைத்தா என்று வரும் வழியில் குடையாதீர்கள்.

இனி, பெரிய டொக்டர் விசயம்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நெஞ்சு குத்தினால் நெஞ்சு டொக்டர், முழங்கால் நொந்தால் எலும்பு டொக்டர். ஆரை ஆரிடம் சனல் பண்ணுவது, அதாவது எந்த நிபுணரிடம் நேரம் எடுப்பது, என்பதை நாங்களே தீர்மானிப்போம். காசைக் கட்டினால் அன்று பின்னேரமே நம்பர் கூப்பிடுவார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்கு, "முதலில் ஜீபியிடம் போ, அவர் தேவை என்று நினைத்தால் அனுப்புவார்" என்ற இங்கத்தைய முறை, வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தியது போல இருக்கும். நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், ஆனாலும் படிவத்தில் நீங்கள் எழுதுவது சனல் மொழிதான். "அப்பாவை இதய நிபுணரிடம் அனுப்பவும்." ஒரு வரி. நாலு நாள் கழித்து, தேவையில்லை என்று ஒரு பதில். பிறகு வட்சப் குழுவில் ஜீபிக்கு ஏச்சு.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. நானும் எழுதினேன்.

என் அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. ஒரு பங்குனியில் வறட்டு இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இரவில் படுத்தால் கொக்குக் கொக்கென்று இருமுவார். கொத்தமல்லி, தேன், அதிமதுரம், கடையில் உள்ள எல்லாப் பாணி மருந்தும். இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை. நெஞ்சில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. படிவத்தைத் திறந்தேன். எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, என்ன செய்து பார்த்தீர்கள், எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள், எப்படி உதவ வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. முதல் நாலுக்கும் ஒவ்வொரு சொல் எழுதிவிட்டு, கடைசிக் கேள்விக்குப் பாய்ந்து, நெஞ்சு நிபுணரிடம் உடனே அனுப்பவும் என்று பெரிய எழுத்தில் அடித்தேன். முதலில் எக்ஸ்ரே எடுங்கள் என்று பதில் வந்தது. எடுத்தோம். சுத்தமாக இருந்தது. இருமல் நிற்கவில்லை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

எங்கள் பார்மசிஸ்ட் ஒரு குஜராத்திப் பெண், என்னைவிட இருபது வயது இளையவ. மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது புலம்பினேன். அவ கப்பை வைத்துவிட்டு, "அப்பா ரமிப்ரில் எடுக்கிறாரா?" என்று மட்டும் கேட்டா.

எடுத்தார். தை மாதம்தான் பிரஷருக்குப் புதிதாகத் தொடங்கியது. அந்த வகைக் குளிசை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அரிச்சுவடி. அன்று காலை மட்டும் ஏழு ரமிப்ரில் பெட்டிக்கு நான் லேபல் ஒட்டியிருந்தேன். ஆனால் வீட்டில் நான் டிஸ்பென்சர் அல்ல, உங்களைப் போலக் கட்டத்தைத் தொடும் ஒரு பிள்ளை. பட்டியலில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்ததைக் கண் கண்டது, விரல் தொட்டது, அவ்வளவுதான். ஜீபி லொசார்ட்டனுக்கு மாற்றினார். மூன்று நாலு கிழமையில் இருமல் போய்விட்டது. "இந்தக் குளிசை தொடங்கிய பிறகு இந்த இருமல்" என்ற ஒரு வரியை நான் முதல் நாளே எழுதியிருந்தால், எக்ஸ்ரேயும் வேண்டாம், என் கோபமும் வேண்டாம். பிரஷர், சலரோகம் போன்றவற்றுக்குப் புது மருந்து தொடங்குபவர்களோடு பார்மசிஸ்ட் இருந்து கதைக்கும் இலவசச் சேவை 2011 முதல் இங்கிலாந்தில் இருக்கிறது. மற்றவர்களின் அப்பாமாருக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த நான், என் அப்பாவின் பெயரை எழுதவில்லை.

அதனால் படிவத்தில் நிபுணரின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். உடம்பிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதம் வந்தது, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை, அந்த நாட்களில் எந்த மருந்து புதிது. அப்பா "மாடியேற ஏலாது, பாதி வழியிலை நிண்டு மூச்செடுக்கிறன்" என்று சொன்னால் அதை அப்படியே ஆங்கிலத்தில் போடுங்கள். "இதய நோயாக இருக்கலாம்" என்று நீங்கள் அழகாக எழுதுவதைவிட, எத்தனையாவது படியில் நிற்கிறார் என்பது டொக்டருக்கு அதிகம் சொல்லும். எழுதியதை அனுப்பும் முன் அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "அப்பிடி இல்லை மோனை" என்று அவர் திருத்தும் இடம்தான் முக்கியமான இடமாக இருக்கும். திடீரென்று நெஞ்சுவலி, மூச்சு முட்டல், வாய் கோணுதல் என்றால் படிவத்தை மறந்துவிட்டு 999ஐ அழுத்துங்கள்.

அனுப்புவதென்று ஜீபி தீர்மானித்த பிறகும் கவனம் வேண்டும். ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ வரும், அதில் ஒரு எண்ணும் கடவுச்சொல்லும் இருக்கும். எந்த ஆஸ்பத்திரி என்று தெரிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் எட்டு மாதம், இரண்டு பஸ் தள்ளி இருப்பதில் மூன்று மாதம் என்று இருப்பதும் உண்டு, பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்குப் பதினெட்டு கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கும் இலக்கு. 2016க்குப் பிறகு ஒரு வருடமும் அதை எட்டவில்லை. கடிதம் அம்மா வீட்டுக்குத்தான் போகும். ஆங்கிலக் கடிதத்தை அம்மா பிரிக்கமாட்டா. சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிவைப்பா. நாள் கடந்துபோகும். வராத ஆளை ஆஸ்பத்திரி திரும்ப ஜீபிக்கே அனுப்பிவிட, மறுபடி வரிசையின் வால். ஆகவே அடுத்த முறை போகும்போது பிள்ளையாருக்குப் பின்னாலும் ஒருமுறை பாருங்கள். இன்னொன்று: முழங்கால், இடுப்பு நோவுக்குப் பிசியோதெரபி, காது கேட்கும் பரிசோதனை போன்றவற்றுக்குப் பல இடங்களில் ஜீபியே தேவையில்லை. நீங்களே நேரடியாகப் பதியலாம். முழங்காலைப் பற்றி எங்கள் ஆட்கள் எழுதும் படிவங்களில் பாதி இதோடு குறையும் என்று நினைக்கிறேன்.

நல்லூர்க் கொடியேற்றம் வரப்போகிறது, ஊருக்குப் போகும் காலம். ஆடி தொடங்கினால் எங்கள் கடையில் ஒரே கேள்விதான்: "மூண்டு மாதத்துக்கு ஒண்டாத் தருவினமோ?" தருவதா இல்லையா என்பது ஜீபியின் கையில். பயணத் தேதியைக் குறிப்பில் எழுதி ஒரு மாதம் முன்னதாகவே கேளுங்கள், முதல் நாள் இரவு அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் ஊரில் நிற்கப் போகிறார்கள் என்றால் அங்கே மருந்துக்கு வேறு ஒழுங்கு செய்ய வேண்டும். ஜீபிப் பதிவே நீங்கிவிடலாம். மருந்தைச் சூட்கேசில் போடாமல் கைப்பையில், லேபலோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு உதவி கேட்கிறேன். பயணத்துக்கு முதல் ஒரு சனிக்கிழமை, கட்டத்தைத் தொடுவதற்குப் பதிலாக, அம்மாவை அல்லது அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். எங்கள் கடை என்றில்லை, உங்கள் மருந்து போகும் எந்தப் பார்மசிக்கும். முதலிலேயே ஒரு போன் எடுத்துச் சொன்னால் பார்மசிஸ்ட் நேரம் ஒதுக்கி வைப்பார், உள் அறை இருக்கிறது. வரும்போது வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அலுமாரியில் இருப்பது, தலையணைக்குப் பக்கத்தில் இருப்பது, ஊரிலிருந்து சித்தி கொடுத்துவிட்டது, மாமாவுக்குச் சுகமானதென்று நாலு வாங்கியது. உடைத்து வைத்த பாதிக் குளிசைகளும் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். அதையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் அக்கா